“கோயிலைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?” – சமய ஆய்வில மேற்படிப்பு, வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

நந்திக்கடல் கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் முள்ளியவளைப் பக்கம். இந்து நாகரிகத்தில சிறப்புக் கலைமாணி, இரண்டாம் வகுப்பு மேல்நிலை. முடிச்ச கையோட ஒரு வருசம் தற்காலிக உதவி விரிவுரையாளரா இருந்தன். ஒப்பந்தம் முடிஞ்சு இப்ப வீட்டில. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குப் பேர் குடுத்திருக்கிறன். வந்தா வரும்.

மனசுக்குள்ள இருக்கிறது வேற. கண்ணகி வழிபாட்டை எடுத்து முதுதத்துவமாணி (MPhil) செய்யோணும், அதுக்கு மேல கலாநிதிப் பட்டமும் (PhD) செய்யோணும் எண்டு ஆசை. 2009இல சண்டை முடியேக்கை எனக்குப் பத்து வயசு. முகாமால திரும்பி வந்தாப் பிறகு அம்மம்மா முதல் வேலையா வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனவ. வீட்டுக்குக் கூரை இல்லை, தறப்பாள்தான். அம்மம்மா சொன்னவ, “பொங்கலுக்கு ஒருக்கா அம்மாளிட்டைப் போட்டு வந்தாத்தான் நாங்கள் ஊருக்கு வந்த மாதிரி” எண்டு. அந்தக் கதைக்குள்ள என்ன இருக்கு எண்டு விளங்கத்தான் நான் இந்தப் பாடத்தையே எடுத்தன்.

ஆனா இறுதி வருசக் கட்டுரைக்கு இதை எடுக்கப் போறன் எண்டு கேட்க, எனக்குக் கிடைச்ச மறுமொழி: “இது நாட்டார் வழிபாடு பிள்ளை, இதில என்ன தத்துவம் இருக்கு, சித்தாந்தத்தில ஒண்டு எடுங்கோ.” எடுத்தன். புள்ளியும் வந்தது. ஆனா மனம் ஆறேல்லை.

வீட்டில மாமா கேக்கிறார், கோயிலைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய் எண்டு. எனக்கு மறுமொழி தெரியேல்லை. உண்மையிலேயே இதில ஒரு வாழ்க்கை இருக்கோ?

வவுனியா ரீச்சர்:

தங்கச்சி, நியமனம் வந்தா கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ. சமயம் சாதாரண தரப் பரீட்சைக்கு (O/L) கட்டாய பாடம். பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும் சைவநெறி ரீச்சருக்கு வேலை இருக்கும். நான் பதினாலு வருசமாப் படிப்பிக்கிறன். பின்னேரமும் சனி ஞாயிறும் எங்கட கையில. மேல படிக்கிறதெண்டா படிக்கலாம். பல்கலைக்கழகத்தில நிரந்தர இடம் எப்ப விழும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு துறையில ஒரு ஆள் ஓய்வு பெறோணும், வெற்றிடம் விளம்பரத்தில வரோணும், அதுக்கு முதல் வகுப்புக்காரர் நாலு பேர் நிப்பினம். அதை நம்பி வீட்டில குந்தியிருக்க ஏலாது.

ஆனா ஆசையை விடவும் வேண்டாம். அதையும் அக்காவாத்தான் சொல்லுறன்.

அக்கராயன்:

நான் படிச்ச ஆள் இல்லை. கமம் செய்யிறன், எங்கட குளக்கட்டு ஐயனார் கோயில் சபையில இருக்கிறன். பிள்ளை குறை நினைக்கக் கூடாது, மனசில இருக்கிறதைச் சொல்லுறன்.

அம்மாளை ஆராய்ச்சி செய்யிறது எண்டா என்ன? கும்பிடுற இடத்தில நிண்டு அளவு எடுக்கிறதோ? சில வருசத்துக்கு முதல் எங்கட ஐயனார் பொங்கலுக்கு ஒரு ஆள் கமராவோட வந்தவர். மூண்டு நாள் நிண்டவர். பூசாரியை இருத்தி வைச்சு மந்திரம் எல்லாம் பதிஞ்சவர். வயசு போன மனுசன், சொல்லக் கூடாததையும் சொல்லிப்போட்டுது. போன ஆள் போனதுதான். ஒரு படம் கூட அனுப்பேல்லை. பூசாரியும் போன வருசம் காலமாகிட்டார். இப்ப அவற்றை குரல் எந்த நாட்டில எந்தப் பெட்டிக்குள்ள கிடக்குதோ தெரியாது. அவற்றை பேரனுக்கு அந்த மந்திரம் பாதிதான் தெரியும்.

இதுதான் உங்கட படிப்பு எண்டா எனக்கு விருப்பம் இல்லை.

களத்துமேடு:

இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். அக்கராயன் அண்ணை எழுதினதுக்குப் பிறகு சும்மா இருக்க மனம் வரேல்லை.

நான் ஒட்டுசுட்டான். எண்பதுகளில வெளிக்கிட்டவன். ஐரோப்பாவில ஒரு பல்கலைக்கழகத்தில சமய வரலாறு படிப்பிச்சு, இப்ப ஓய்வு. தங்கச்சியின்ரை மாமாவுக்கு மறுமொழி சொல்ல எனக்கும் முப்பது வருசம் எடுத்தது.

முதல்ல, இது என்ன படிப்பு எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ. ஒரு சமயத்துக்குள்ள நிண்டு அதின்ரை உண்மையை விரிச்சுச் சொல்லுறது இறையியல், சித்தாந்தம். அது பெரிய படிப்பு, நான் குறைச்சுச் சொல்லேல்லை. சமய ஆய்வு கேக்கிற கேள்வி வேற: மனுசர் இதை எப்பிடிச் செய்யினம், எப்ப தொடங்கினவை, ஏன் மாத்தினவை, ஆர் செய்யலாம், ஆர் செய்யக் கூடாது, மாறினாப் பிறகும் ஏன் அதே பேரால கூப்பிடினம்? மக்ஸ் முல்லர் 1870இல லண்டனில செய்த சொற்பொழிவுகளில “ஒரு சமயத்தை மட்டும் அறிந்தவன் எதையும் அறியாதவன்” எண்டு சொன்னதில இருந்து இந்தத் துறையின்ரை கதையைத் தொடங்குவினம். பிரித்தானியாவில லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தில 1967இல நினியன் ஸ்மார்ட் இதுக்கெண்டு ஒரு துறையைத் தொடங்கினார். அந்த மனுசன் இளவயதில பிரித்தானியப் படையோட இலங்கையில இருந்தவர், பௌத்தத்தை முதல் கண்டது இஞ்சதான். சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, ஒழுக்கம், சமூக அமைப்பு, கல்லும் மரமுமான பொருள்கள் எண்டு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் சமயம் விளங்கும் எண்டது அவற்றை வாதம். “இதில என்ன தத்துவம் இருக்கு” எண்டு தங்கச்சியைக் கேட்ட ஆள் இந்த ஏழில ஒண்டை மட்டும்தான் சமயம் எண்டு நினைச்சிருக்கிறார்.

இனி கண்ணகிக்கு வாறன். யாழ்ப்பாணத்தில கண்ணகி கோயில்கள் எத்தினை பேர் மாறினது தெரியுமோ? ஆறுமுக நாவலர் காலத்தில கண்ணகியைச் “சமணச் செட்டிச்சி” எண்டு ஒதுக்கினவை. அந்த அலையில பல கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எண்டு மாறிச்சுது. ஆகமம் வந்தது, மடை போய் நைவேத்தியம் ஆச்சுது. வன்னியில அந்தப் பேர் நிலைச்சு நிண்டது. மதுரையை எரிச்சுப்போட்டு வந்தவ இலங்கையில பத்தாவதா இருந்த இடம் “பத்தாப்பளை” எண்டும், அதுதான் வற்றாப்பளை ஆனது எண்டும் எங்கட சனம் இண்டைக்கும் சொல்லுது. மாடு மேய்ச்ச பெடியள் நந்திக்கடல் கரையில ஒரு கிழவியைக் கண்டதும், எண்ணெய் இல்லாமல் கடல் தண்ணியில விளக்கு எரிஞ்சதும், பேன் பார்க்கத் தலையை விரிக்க ஆயிரம் கண் தெரிஞ்சதும் உங்களுக்கு அம்மம்மா சொல்லியிருப்பா. பாக்குத்தெண்டல், தீர்த்தம் எடுக்கிறது, காட்டா விநாயகரில உப்புநீர் விளக்கு, பிறகு வைகாசித் திங்கள் பொங்கல் எண்டு நாளுக்கு நாள் அடுக்கின ஒரு ஒழுங்கு அது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தையும் இதோட சேர்த்துப் பாருங்கோ. ஒரு காப்பியம் எங்கட ஊரில புத்தகமா இருக்கேல்லை, பொங்கலாவும் ஆட்டமாவும் இருந்தது. இதில படிக்க ஒண்டும் இல்லை எண்டு எப்பிடிச் சொல்லலாம்?

அதே தெய்வம் சிங்களவரிட்டைப் பத்தினி. கண்டிப் பெரஹராவில ஊர்வலம் போற நாலு தேவாலயங்களில ஒண்டு பத்தினிக்குரியது. கணநாத் ஒபயசேகர எண்ட மானிடவியலாளர் பேராதனையில ஆங்கில இலக்கியம் படிச்சவர். பிறகு சிங்களக் கிராமங்களில பத்தினிக்குச் செய்யிற கம்மடுவ எண்ட ஊர்ச் சடங்குகளைப் பார்த்துக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல இருந்து பத்தினி வழிபாட்டைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார், 1984இல சிக்காகோவில வெளிவந்தது. 2025இல காலமானார். சிலப்பதிகாரம் சொல்லுற கயவாகு மன்னன்தான் இந்த வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தவன் எண்ட கதையை வரலாறா எடுக்க ஏலாது எண்டு வாதிட்டவர். அவற்றை நூலின்ரை பெரும்பங்கு சிங்களச் சடங்குகளைப் பற்றியது. வன்னிக் கரையில பிறந்த ஒரு பிள்ளை சிங்களமும் படிச்சுக்கொண்டு, இந்தப் பக்கத்தில இருந்து அந்த நூலோட கதைக்க வந்தா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எனக்கு எழுதேக்கையே கை நடுங்குது.

இன்னொண்டு. 1895இல ஜே. பி. லூயிஸ் எண்ட பிரித்தானிய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினவர். சூடு மிதிக்கிற களத்தில எங்கட சனம் பேசுற தனிச் சொல்லுகளைக் கூடக் கவனிச்ச ஆள். களத்தில நெல்லை நெல் எண்டு சொல்லக் கூடாது, பொலி எண்டுதான் சொல்லோணும் எண்டு என்ரை அப்பு என்னை அடிச்சுப் படிப்பிச்சவர். அதே சங்கதியை எங்கையோ குளிர் நாட்டு நூலகத்தில ஆங்கிலத்தில வாசிச்ச அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, அப்பு சொன்னது சமயம் எண்டு. அண்டைக்கு நான் அழுதனான்.

அக்கராயன் அண்ணை, நீங்கள் சொன்ன அந்தக் கமராக்காரர் செய்தது பிழை. அதை மழுப்ப ஏலாது. பதிஞ்சதின்ரை பிரதி ஊருக்கு வரோணும், சொல்லக் கூடாததை வெட்டிவிடோணும், எந்த நேரமும் “வேண்டாம்” எண்டு சொல்லுற உரிமை பூசாரிக்கு இருக்கோணும். இப்ப நல்ல பல்கலைக்கழகங்களில ஒழுக்கக் குழுவின்ரை அனுமதி இல்லாமல் களத்துக்குப் போக விடாயினம். ஆனா கடதாசி அனுமதி வேற, ஊரின்ரை அனுமதி வேற. ரெண்டாவதுதான் கடினம். அதை வாங்கக்கூடிய ஆள் தங்கச்சி மாதிரி ஊர்ப் பிள்ளைதான்.

பனிநாடு:

களத்துமேடு ஐயா சொன்னதுக்குப் பிறகு நான் காசுக் கதை சொல்லுறன். அதுவும் வேணும்தானே.

நான் புதுக்குடியிருப்பு. இப்ப நோர்வேயில கலாநிதிப் படிப்பு. இஞ்ச அது ஒரு வேலை. விளம்பரம் போடுவினம், விண்ணப்பிச்சு எடுபட்டா மாதச் சம்பளம். ஆனா அதுக்கு முதல் முதுமாணிப் பட்டம் (Master's) வேணும். 2023இல இருந்து ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வாறவைக்கு முதுமாணிக்குக் கட்டணம் வந்திட்டுது. நான் வந்த காலத்தில இல்லை. ஆனபடியா புலமைப்பரிசில் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். லோன் எடுத்து, காணியை ஈடு வைச்சு வந்து கஷ்டப்பட்ட ஆக்களை நான் கண்ணால கண்டிருக்கிறன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கலாநிதிக்கு எடுத்தா அநேகமாச் செலவைத் தாங்களே பார்ப்பினம், அஞ்சு ஆறு வருசம் போகும், இடையில படிப்பிக்கவும் வேணும். ஜெர்மனியில ஹைடல்பெர்க் தென்னாசிய நிறுவனம் 1962இல இருந்து இருக்கு, அங்கயும் பாருங்கோ.

விண்ணப்பத்தில அவை பார்க்கிறது என்ன எண்டா, உங்கட கேள்வி என்ன, அதுக்கு வேண்டிய மொழி உங்களிட்டை இருக்கோ, ஏற்கெனவே எழுதின ஒரு நல்ல கட்டுரை இருக்கோ. இந்து நாகரிகத்தில நாங்கள் குறிப்புப் பாடமாக்கித்தான் புள்ளி எடுத்தனாங்கள். கேள்வி கேக்கிறது எப்பிடி எண்டு எனக்கு இஞ்ச வந்துதான் தெரியும். முதல் வருசம் வகுப்பில வாய் திறக்கேல்லை.

வேலைச் சந்தை வெளியிலயும் நல்லா இல்லை, அதை மறைக்க மாட்டன். மனிதப் பண்பியல் துறைகளைச் சுருக்கிக்கொண்டு வருகினம். கலாநிதி முடிச்சு ஒப்பந்தம் ஒப்பந்தமா நாடு மாறித் திரியிற ஆக்கள் கன பேர்.

தண்ணீரூற்றான்:

எல்லாரும் ஒரு விசயத்தை விட்டிட்டியள். குருந்தூர்மலை எங்களுக்குப் பக்கத்தில. வெடுக்குநாறி மலை நெடுங்கேணிப் பக்கம். ரெண்டிலயும் பழைய சின்னங்கள் சைவமோ பௌத்தமோ எண்டு இழுபறி. ஒரு கல்லுத் தூணை, ஒரு செங்கல் கட்டை ஆர் வாசிக்கிறது எண்டதில எங்கட காணி, வயல், கோயில் எல்லாம் தொங்கிக்கொண்டு நிக்குது. எங்களிட்டை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை எண்டா வேற ஆள் வாசிச்சுத் தீர்ப்புச் சொல்லும். மாமாவிட்டை இதைச் சொல்லுங்கோ தங்கச்சி. எங்களுக்காக வாசிக்க ஒரு ஆள் வேணும்.

களத்துமேடு:

தம்பி, உங்கட வேதனை எனக்கும் உண்டு. ஆனா “எங்களுக்காக வாசிக்க” எண்ட சொல்லில கொஞ்சம் நில்லுங்கோ.

தமிழர் மத்தியில பௌத்தம் இருந்தது. மணிமேகலை அதுக்குச் சாட்சி. பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை, உப்சாலா பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஷால்க் ஆக்கள் சேர்ந்து தமிழகத்திலயும் ஈழத்திலயும் தமிழர் பௌத்தம் பற்றி ரெண்டு பாகமா ஒரு தொகுப்பு 2002இல கொண்டுவந்தவை. ஒரு மண்மேட்டில பௌத்தச் சின்னம் வந்தா அது சிங்களவரின்ரை எண்டு ஒரு பக்கமும், வரவே இல்லை எண்டு மற்றப் பக்கமும் கத்தேக்கை, படிச்ச ஆள் சொல்ல வேண்டியது: பௌத்தம் வேற, சிங்களம் வேற, அந்தக் காலம் வேற. இதைச் சொன்னா ரெண்டு பக்கமும் கோவிக்கும். எங்கட பக்கத்துக்குப் பிடிக்காத சான்று வந்தாலும் மறைக்காமல் எழுதுற ஆள் எண்டு பேர் எடுத்தாத்தான், எங்கட பக்கத்து நியாயத்தை அந்த ஆள் எழுதேக்கை உலகம் நம்பும். இந்தத் தொழிலில எங்களிட்டை இருக்கிற சொத்து அது ஒண்டுதான்.

மானிடவியலாளர் ஸ்ரான்லி தம்பையாவைப் பாருங்கோ, எங்கட தமிழ் ஆள். 1956இல கிழக்கில கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில மாணவரோட களஆய்வில நிக்கேக்கைதான் தமிழருக்கு எதிரான கலவரம். பிறகு தாய்லாந்துக்குப் போய்ப் பௌத்தத்தைப் படிச்சார், ஹார்வார்ட்டில பேராசிரியரா இருந்தார். அடிபட்ட இனத்தில பிறந்தவர், பௌத்தத்தை வெறுப்பில்லாமல் படிச்சு எழுதினார். 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையைப் பற்றி அவர் எழுதினதை லேசாத் தட்டிக்கழிக்க ஏலாமல் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மருதமடு:

நான் வேதக்காரன், மடு மாதா கோயிலுக்குக் கிட்ட. உள்ள வரலாமோ?

எனக்கு ஒரு சந்தேகம் சின்ன வயசில இருந்து. மடு மண்ணை எடுத்துக்கொண்டு போய் வீட்டில வைச்சா பாம்பு அண்டாது எண்டு எங்கட வீட்டில நம்பிக்கை. சைவக்காரரும் வந்து எடுத்துக்கொண்டு போறவை. சிங்களச் சனமும் ஆவணித் திருவிழாவுக்கு வந்து எடுக்கிறவை. புளியங்குளத்தால திரும்பினா புதூர் நாகதம்பிரான், அங்கயும் பாம்புதான், பொங்கலும் நடக்கும். எங்கட அம்மாச்சி ரெண்டு இடத்துக்கும் நேர்த்தி வைச்சவ, பாதருக்குச் சொல்லாமல். காட்டுக்குள்ள வயல் செய்யிற சனத்துக்குப் பாம்புப் பயம் ஒண்டுதானே, மாதாவிட்டைப் போனா என்ன, தம்பிரானிட்டைப் போனா என்ன? 2008 சித்திரையில சண்டைக்குள்ள மடு மாதாவின்ரை சிலையைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகேக்கை சைவச் சனமும் நிண்டு அழுதது எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது.

இதை இந்து நாகரிகத்திலயும் படிக்க ஏலாது, கிறிஸ்தவ நாகரிகத்திலயும் படிக்க ஏலாது. எந்தத் துறைக்குள்ள வைப்பினம்?

களத்துமேடு:

தம்பி, நீங்கள் இப்ப கேட்டதுதான் சமய ஆய்வு. அந்தத் துறை இன்னும் எங்கட பக்கத்தில பேர் வைச்சுப் பிறக்கேல்லை. அம்மாச்சியின்ரை கதையை எழுதி வையுங்கோ, இண்டைக்கே.

வவுனியா ரீச்சர்:

மடுக் கதையை வாசிச்சு எனக்கு வேற ஒண்டு ஞாபகம் வந்தது. 2017 மாசி 20இல காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ரை தாய்மார் கிளிநொச்சியில கந்தசாமி கோயிலடியில போய் இருந்தவை. ஏன் கச்சேரி (அரச அலுவலகம்) வாசலில இல்லாமல் கோயிலடியில? அதில என்ரை சிநேகிதியின்ரை தாயும் இருந்தவ. தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தி, மண்ணை அள்ளித் தூவித் திட்டினவ. கண்ணகி திட்டின மாதிரி. இதையும் ஆராவது படிக்கோணும். நான் முதல் எழுதினதை மாத்தேல்லை, நியமனம் வந்தா எடுக்கத்தான் வேணும். ஆனா ஆசையை விடவேண்டாம் எண்டு சும்மா ஒரு வரி எழுதிப்போட்டு விட்டது போதாது எண்டு இப்ப படுது.

அக்கராயன்:

வாசிச்சன். மகள் ஃபோனில பெருசாக்கித் தந்தவ.

ஐயா, எங்கட ஐயனாருக்கு இப்ப ஒரு பிரச்சினை இருக்கு. வெளிநாட்டில இருக்கிற எங்கட பெடியள் காசு அனுப்பிக் கோபுரம் கட்டுவம் எண்டு நிக்கினம். நல்ல மனசில செய்யினம், நான் குறை சொல்லேல்லை. ஆனா கோபுரம் வந்தா குருக்கள் வருவார். குருக்கள் வந்தா பூசாரியின்ரை பேரன் எங்க நிக்கிறது? மருதமரத்தை வெட்டோணும் எண்டும் கதை. குளம் உடைக்காமல் காக்கிறவர் கட்டில மரத்துக்குக் கீழ இருந்தாத்தானே தண்ணியைப் பார்ப்பார்? இதைச் சபையில சொல்ல எனக்குச் சொல் வருகுதில்லை. பழைய பஞ்சாங்கம் எண்டு சிரிக்கினம்.

பிள்ளை ஒருநாள் வந்து போகலாம். கமரா இல்லாமல் வரட்டும். முதல் வந்து சோறு தின்னட்டும்.

நந்திக்கடல் கரை:

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், மன்னிக்கோணும்.

அக்கராயன் ஐயாவிட்டைப் போனனான். அம்மாவும் வந்தவ. கொப்பியைக் கூடப் பையால எடுக்கேல்லை. பூசாரியின்ரை பேரனுக்கு என்ரை வயசுதான், தண்ணி பம் திருத்துற வேலை. தாத்தா சொன்னதில நினைவில இருக்கிறதை அவன் பழைய வரவுக் கொப்பியில பென்சிலால எழுதி வைச்சிருக்கிறான், நடுவில நடுவில வெறும் கோடு விட்டிருக்கு. “இதில ஒரு அடி இருக்கு, சத்தம் ஞாபகம் இருக்கு, சொல் ஞாபகம் இல்லை” எண்டவன். அந்தக் கமராக்காரர் ஆரெண்டு விசாரிச்சு, பதிவைத் திருப்பிக் கேட்டு எழுதித் தாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். பனிநாடு அண்ணா, கடிதம் எழுத உங்கட உதவி வேணும். ஆரெண்டு பிடிபட்டா தனிமடலில அனுப்புறன், இஞ்ச பேர் போட வேண்டாம்.

வேலையைப் பற்றி: நியமனம் வந்தா எடுக்கிறதெண்டு முடிவு செய்திட்டன். முதுதத்துவமாணிக்கு பகுதிநேரமாப் பதியப் போறன். தலைப்பு ஐயனாரும் கண்ணகியுமா, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கோயில் கட்டுறதில என்ன மாறினது எண்டது. மாமாவுக்குக் களத்துமேடு ஐயா எழுதினதை வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரம் வந்து, “அப்பு களத்தில பொலி எண்டு சொல்லித்தான் எனக்கும் அடிச்சவர்” எண்டார்.

ஒரு உதவி. எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். பத்தினிப் பாட்டுகளை வாசிக்கிற அளவுக்குப் படிப்பிக்கக்கூடிய ஆள் முல்லைத்தீவிலயோ வவுனியாவிலயோ ஆராவது இருக்கினமோ?

வவுனியா ரீச்சர்:

எங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு ஓய்வு பெற்ற சிங்கள ரீச்சர் ஒராள் இருக்கிறா, தமிழும் நல்லாக் கதைப்பா. கேட்டுப் பார்த்தன். ஞாயிறு காலமை எட்டு மணிக்கு வரச் சொன்னவ. முதல் பஸ்ஸைப் பிடியுங்கோ, நான் பஸ் நிலையத்தில நிக்கிறன்.